யார் வந்து படிப்பார்கள்?

"ஃபேஸ்புக்கில் போட்டால் பத்து நிமிடத்தில் நூறு பேர் பார்த்துவிடுகிறார்கள். தனியாக வலைப்பூ ஆரம்பித்தால் யார் வந்து படிப்பார்கள்?" புதுச்சேரியில் எழுத்தார்வம் உள்ள யாரிடம் வலைப்பூ பேச்சை எடுத்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 2003 வாக்கில் தளிர்த்துப் பத்தாண்டுக் காலம் தமிழ் இணையத்தைக் கலகலப்பாக வைத்திருந்த வலைப்பூக்களில் பெரும்பாலானவற்றில் கடைசிப் பதிவுக்கு இன்று பத்து வயது ஆகிவிட்டது. எழுதியவர்கள் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், பிறகு வாட்ஸ்அப்புக்கு, பிறகு யூடியூபுக்கு. அப்படியிருக்க, இப்போது ஒருவர் புதிதாக வலைப்பூ தொடங்குவது புத்திசாலித்தனமா, வெறும் பிடிவாதமா?

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க மென்பொருள்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. அவற்றை அப்படியே வாங்கி நமக்கு உடுத்தத் தேவையில்லை. தனியாள் ஒருவர் தன் எழுத்துக்கென்று ஓர் இடத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்ற சோதனையைப் புதுச்சேரி இணையத்துக்கு வெகு முன்பே பலமுறை செய்து பார்த்திருக்கிறது. சில சோதனைகள் வென்றன, சில தோற்றன. அவை எதனால் வென்றன, எதனால் தோற்றன என்று பார்த்துவிட்டு இன்றைய கேள்விக்கு வருவது நல்லது.

வாசகரே இல்லாமல் எழுதியவரிலிருந்து தொடங்கலாம். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். பின்னால் ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், வணிகர். கப்பல் வந்தது, சரக்கு விலை, கும்பினிக்காரர்களின் சண்டை, ஆளுநர் மனைவி மீது தனக்கு இருந்த எரிச்சல், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் வணிகர் பேசும் தமிழில், தேதி போட்டு எழுதினார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊரில் என்ன நடந்தது என்பதைத் தமிழர் ஒருவரின் கண்வழியாக நாம் இன்று அறிவது அந்தக் குறிப்பால்தான். அவர் நடுநிலையாளர் இல்லை. சாதிப் பெருமையும் பதவிப் பொறாமையும் வரிக்கு வரி தெரியும். ஆனால் மறைக்காமல் எழுதியதாலேயே அவை இன்று வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகின்றன.

இதில் நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிள்ளை இறந்ததும் அதே மாதம்தான். நாட்குறிப்பு குடும்பத்தாரிடம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1846இல் கல்லுவா மோன்புருன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்க ஏற்பாடு செய்தார். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்த எதுவார் ஆரியேல் என்ற அதிகாரி எடுத்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அப்போதும் இடையில் சில பகுதிகள் கிடைக்கவில்லை. பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை உரமாக்கி 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை எழுதினார். இரண்டாவதுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆக, பிள்ளையின் எழுத்தைக் காப்பாற்றியவை இரண்டு: அது ஒரே இடத்தில், தேதி வரிசையில் இருந்தது, சரியான நேரத்தில் யாரோ பிரதி எடுத்தார்கள். பெரிய மார்க்கெட்டை ஒட்டி இன்றும் நிற்கும் அந்த வீட்டைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளிடம் வழிகாட்டிகள் தூண்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு இந்தப் படியெடுப்புக் கதையைச் சொல்வதில்லை.

அடுத்தது பாரதி. சென்னையில் 'இந்தியா' இதழின் மீது வழக்கு வந்து, சட்டப்படி ஆசிரியராகப் பெயர் போட்டிருந்த சீனிவாசன் சிறைக்குப் போக, பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே இதழ் இங்கிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வந்து அச்சகத்தைப் பூட்ட முடியாது. இதழின் உரிமையாளர்களான மண்டயம் குடும்பத்தாரின் துணையோடு அச்சும் எழுத்தும் ஆசிரியர் கைக்குள் இருந்தன. இன்றைய பேச்சில் சொன்னால், சொந்தத் தளம். ஆனாலும் 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை போட்டார்கள், தபாலை மறித்தார்கள். அச்சகத்தைத் தொடாமலே இதழைக் கொன்றுவிட்டார்கள்.

சமூக ஊடகக் காலத்து வலைப்பூக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. எழுதும் இடம் ஒன்று, எழுத்து வாசகரிடம் போய்ச் சேரும் வழி வேறொன்று. இடம் உங்கள் கையில் இருந்தாலும் வழி அடுத்தவர் கையில் இருந்தால் ஆட்டம் அவர் கையில்தான்.

வழியையும் தன்னிடமே வைத்துக்கொண்ட இதழ் ஒன்று சில ஆண்டுகளிலேயே இதே ஊரில் வந்தது. 1914 ஆகஸ்ட் 15 முதல் 1921 ஜனவரி வரை அரவிந்தர் நடத்திய 'ஆர்யா' மாத இதழ். அவருடைய பெரிய உரைநடை நூல்கள் பலவும் அதில்தான் தொடராக வந்தன. அரசியலை விட்டு விலகிய எழுத்து என்பதால் தொல்லை குறைவு என்பது உண்மை. என்றாலும், எண்ணிக்கையில் சிறியதானாலும் நேரடியாகச் சந்தா கட்டிய வாசகர் கூட்டம் ஒன்று இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று மின்னஞ்சல் வழியே கட்டுரை அனுப்பும் எழுத்தாளர்கள் செய்வதும் இதைத்தான்.

பாரதிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. புதுச்சேரியை விட்டுப் போனபின், 1920இல், தன் எழுத்து முழுவதையும் நாற்பது பகுதிகளாகத் தானே அச்சிடும் திட்டத்தை அறிவித்து நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். பணம் வரவில்லை, மறு ஆண்டு அவரே போய்விட்டார். அதன்பின் உரிமை உறவினர் கைக்குப் போய், ஒலிபரப்பு உரிமை தனியே திரைப்பட முதலாளி கைக்குப் போய், கடைசியில் 1949இல் சென்னை அரசு வாங்கி நாட்டுடைமையாக்க வேண்டியிருந்தது. எழுதியது யாருடையது என்ற கேள்வியை உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவைக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் கிடையாது. பாரதிதாசனும் 'குயில்' என்று சொந்தமாக இதழ் நடத்திப் பார்த்தவர். ஊரில் அச்சேறி ஓரிரு ஆண்டில் மறைந்த சிற்றிதழ்களைச் சொல்லப் போனால் கட்டுரை முடியாது.

இனி வலைப்பூக்களின் கதை.

பிளாக்கர் சேவை 1999இல் வந்தது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. தமிழில் தடையாக இருந்தது எழுத்துரு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியேற்றம் வைத்திருந்த காலம் அது. யூனிகோடு பரவியதும், எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசத் தட்டச்சுக் கருவிகள் வந்ததும் கதவு திறந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி எல்லா வலைப்பூக்களின் புதிய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் காட்டியது. கோவையில் ஒருவர் எழுதியதைக் கொழும்பிலும் டொராண்டோவிலும் அன்றே படித்தார்கள். கீழே பின்னூட்டம் குவிந்தது. புதுச்சேரியிலும் அந்த அலை அடித்தது. 2007 டிசம்பரில் இங்குள்ள வலைப்பதிவர்கள் கூடி, தமிழில் தட்டச்சு செய்யவும் வலைப்பூ தொடங்கவும் கற்றுக்கொடுக்கும் பயிலரங்கு ஒன்றை நடத்தினார்கள். பேராசிரியர் மு.இளங்கோவன் தன் வலைப்பூவில் வெளியுலகம் அதிகம் அறியாத தமிழறிஞர்களைத் தேடித் தேடி எழுதியது இந்தக் காலத்தில்தான். 'இணையம் கற்போம்' என்று ஒரு நூலும் எழுதினார். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் ஸ்ட்ராஸ்பூரில் வாழும் நாவலாசிரியர் நாகரத்தினம் கிருஷ்ணாவும் தனக்கென ஒரு வலைப்பூ வைத்திருப்பவர். பிரெஞ்சு இலக்கியச் செய்தி தமிழுக்கு வரும் சன்னல்களில் அது ஒன்று.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக வர்ணிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போலிப் பெயர்களில் வசை, சாதிச் சண்டை, நடிகர் சண்டை, 'கும்மி' என்ற பெயரில் வெட்டி அரட்டை எல்லாம் அங்கேயும் இருந்தன. ஃபேஸ்புக் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை, வேகப்படுத்தியது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2006இல் ஒருவர் நாட்டு நெல் வகைகளைப் பற்றியோ கூத்துக் கலைஞர் பற்றியோ எழுதிய நல்ல பதிவை இன்றும் கூகுளில் தேடி எடுக்கலாம். 2016இல் அதே ஆள் ஃபேஸ்புக்கில் எழுதியதை அவராலேயே தேடி எடுக்க முடிவதில்லை.

வலைப்பூக்கள் ஏன் வாடின? சலித்துப்போய் வாசகர்கள் விட்டுப் போனார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நிறுத்தப்பட்டது. திரட்டிகள் ஒவ்வொன்றாக மங்கின. அலைபேசி வந்து, திரையைத் திறந்தாலே ஃபேஸ்புக் நிற்கும் நிலை வந்தது. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடத்தும் அளவுக்கு எழுதுபவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வந்து சேரும் வழிகள்தான் அடைபட்டன. 'இந்தியா'வுக்கு நேர்ந்ததேதான். அதைச் செய்தது அரசாங்கம், இதைச் செய்தது சந்தை.

சமூக ஊடகத்தில் எழுதுவதன் லாபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாசகர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். எழுதிய அரை மணி நேரத்தில் எதிர்வினை வருகிறது. தமிழில் இன்று கவனிக்கப்படும் இளம் கவிஞர்கள் பலர் முதலில் அறியப்பட்டது ஃபேஸ்புக்கில்தான். பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் தயவுக்குக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. விலை என்ன என்பதுதான் கேள்வி. யாருக்கு எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்குமுறை தீர்மானிக்கிறது. ஆயிரம் பேர் உங்களைப் பின்தொடர்ந்தாலும் ஆயிரம் பேருக்கும் பதிவு போவதில்லை. சூடான வரிக்கு ஓட்டம் அதிகம் என்று தெரிந்ததும் எழுதுபவரின் கை தானாகச் சூடேறுகிறது. நீண்ட வாதம், இருபக்கமும் பார்க்கும் நிதானம், மெதுவாகக் கட்டி எழுப்பும் விவரிப்பு ஆகியவற்றுக்கு அங்கே கூலி இல்லை. எழுதும் இடம் எழுத்தை மாற்றுகிறது என்பதுதான் சமூக ஊடகம் பற்றிய என் முதல் குறை. மற்ற குறைகள் பிறகு.

மறுபக்கத்துக்கு எழுத்தாளர் ஜெயமோகனைச் சொல்லலாம். 2014 ஜனவரி 1 அன்று தன் இணையதளத்தில் 'வெண்முரசு' தொடங்கி, அன்றாடம் ஓர் அத்தியாயமாக 2020 வரை எழுதி 26 நாவல்களில் முடித்தார். அவருடைய கருத்துகளோடு சண்டை போடுபவர்களும் அந்தத் தளத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத்தான் வந்து சண்டை போடுகிறார்கள். அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, எல்லோராலும் அது முடியாது என்பது சரியான மறுப்பு. ஆனாலும் வாசகர் நீண்ட எழுத்தைத் தேடி வரமாட்டார் என்ற ஆரூடம் அங்கே பொய்த்துப்போனது.

நிறுவனத்தின் இடத்தில் கட்டியது எத்தனை நாள் நிற்கும்? ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்க்குட் 2014 செப்டம்பரில். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' போன்ற இலக்கியக் குழுமங்கள் இயங்கிய யாகூ குழுமங்களின் சேமிப்பு 2019 டிசம்பரில் அழிக்கப்படத் தொடங்கி, மறு ஆண்டு சேவையே நின்றது. டிக்டாக்கை இந்திய அரசு 2020 ஜூனில் ஒரே இரவில் தடைசெய்தது; நம் கிராமத்துக் கலைஞர்கள் பலரின் உழைப்பு அதோடு போயிற்று. ஃபேஸ்புக்குக்கு அந்த நாள் வராது என்று நம்புகிறவர்கள் ஆர்க்குட்டையும் அப்படித்தான் நம்பினார்கள்.

"சொந்த இடம் என்றால் சுதந்திரம்" என்று இதைக் கேட்டு உடனே முடிவுகட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது சட்டம். 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஓரிரு வரிகளுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது வெறும் 16 பேர். கைதுச் செய்தி பரவியதும் அந்த எண்ணிக்கை எங்கோ போய்விட்டது வேறு கதை. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. அவதூறுச் சட்டமும் மற்றவையும் அப்படியே இருக்கின்றன. வலைப்பூவில் எழுதினாலும் அவை பாயும். இங்கே பிரெஞ்சு எல்லை இப்போது இல்லை.

இரண்டாவது எச்சரிக்கையை யாரும் அதிகம் சொல்வதில்லை. சொந்த முகவரி வாங்கித் தளம் நடத்தியவர் இறந்துவிட்டாலோ நோயில் படுத்தாலோ, ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளின்றி, ஓராண்டுக்குள் தளம் காணாமல் போகிறது. அதே சமயம், காலமாகிவிட்ட எத்தனையோ பதிவர்களின் இலவச பிளாக்ஸ்பாட் பக்கங்கள் இன்றும் அப்படியே திறக்கின்றன. சொந்த இடம் அழிந்து இரவல் இடம் நிற்கும் வேடிக்கை! அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்ன கணக்கு: 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் மறைந்துவிட்டன. அதில் சொந்தத் தளங்களும் சேர்த்திதான். எனவே எதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், முகவரியைவிட முக்கியம் பிரதி என்பேன். பிள்ளையின் நாட்குறிப்பு விஷயத்தில் மோன்புருனும் ஆரியேலும் செய்ததை நாம் உயிரோடு இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும்.

இதை அரசு செய்யாதா? பிரான்சில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இணையதளங்களையும் தேசிய நூலகம் சேமிக்க வழிசெய்தது. பிள்ளையின் பிரதியை வைத்திருக்கும் அதே நூலகம்தான். இந்தியாவில் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூலோடும், 1956 திருத்தத்தால் சேர்ந்த செய்தித்தாள்களோடும் நிற்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலிய இடங்களில் இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு, ஏறத்தாழ 11,000 சுவடிகள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. சுவடியைக் காக்கத் தெரிந்த ஊரில், இருபது வருடத்துக்கு முன் இங்கிருந்து எழுதப்பட்ட வலைப்பூக்களைக் காக்க ஓர் அலமாரியும் இல்லை. கணியம் அறக்கட்டளை நண்பர்கள் நடத்தும் இலவசத் தமிழ் மின்னூல் தளம், பகிர்ந்துகொள்ள அனுமதி கொடுத்த பதிவர்களின் பதிவுகளை மின்னூலாக்கி வைக்கிறது. இதுவரை தமிழில் நடந்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

அப்படியானால் யார் தொடங்கலாம்? அன்றன்றைய கோபத்தையும் வாழ்த்தையும் பகிர விரும்புகிறவருக்கு வலைப்பூ தேவையே இல்லை. அவர் ஃபேஸ்புக்கிலேயே மகிழ்ச்சியாக இருக்கலாம். புகழ் வேண்டும் என்பவருக்கும் இது குறுக்குவழி இல்லை, விளம்பரக் காசு வேண்டும் என்பவருக்கு அதைவிடவும் இல்லை. இப்போது தேடுபொறியே செயற்கை நுண்ணறிவை வைத்து மேலே பதிலைச் சொல்லிவிடுவதால், தேடி உள்ளே வருகிறவர் எண்ணிக்கை இன்னும் குறையும். ஐந்து வருடம் கழித்தும் ஒருவருக்குப் பயன்படும் விஷயம் கையில் இருப்பவர்தான் தொடங்க வேண்டும்.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று ஊரே படம் எடுத்தது, ஊரே எழுதியது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது, எந்த வாய்க்கால் அடைத்திருந்தது, எந்த வீட்டு மாடியில் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஸ்டேட்டஸிலும் ஓடி மறைந்தன. ரெயின்போ நகரில் வாழும் ஒருவர் அதைத் தேதி, நேரம் போட்டு ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் அடுத்த புயலுக்கு முன் பொதுப்பணித் துறைக்கும் பயன்படும், அண்டை வீட்டாருக்கும் பயன்படும். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி மூடிக்கிடக்கும் பஞ்சாலையின் நாட்களை எழுதலாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த 'சொல்தா' குடும்பங்களின் கடிதங்கள் இருக்கின்றன, வீராம்பட்டினத்து மீனவர்களின் கடற்பெயர்கள் இருக்கின்றன. இவற்றுக்கு முதல் மாதத்தில் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அதைத் தேடிக்கொண்டே இருந்தவராக இருப்பார்.

வாசகரிடம் போகும் வழிக்குச் சமூக ஊடகத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எழுத்தைத் தளத்தில் வைத்துவிட்டு, ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டு பத்தி போட்டு அழையுங்கள். வெளி இணைப்பு உள்ள பதிவை ஃபேஸ்புக் அதிகம் பேருக்குக் காட்டுவதில்லை என்பது பதிவர்களின் பொதுவான அனுபவம். ஆகவே விரும்பி வருகிறவர்களின் மின்னஞ்சலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலை எந்த நிறுவனமும் பறிக்க முடியாது. தொடங்கச் செலவு பெரிதில்லை. பிளாக்கரும் வேர்ட்பிரஸும் இலவசமாகவே இடம் தருகின்றன. சொந்த முகவரி வேண்டுமென்றால் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தொழில்நுட்பம் பயமாக இருந்தால் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்து இளைஞர்கள் இருக்கிறார்கள், விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கேட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பிளாக்கரின் அமைப்புகள் பக்கத்தில் உங்கள் பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு, வேர்ட்பிரஸிலும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்துங்கள். ஒரு பிரதி பென்டிரைவில் இருக்கட்டும், இன்னொன்று பிள்ளைகளிடமோ நண்பரிடமோ இருக்கட்டும். கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.